வாடகை வீட்டு பழைய கார்ப்பெட் நாத்தமா? கூடலூர் மழைல பட்டு தெரிஞ்சுகிட்டது, முழு வழிகாட்டி

ஏப்ரல் மாசம் வெயில்ல வீடு பாத்தோம், அதான் நாங்க பண்ண முதல் தப்பு. நீலகிரி கூடலூர்ல இருந்து நாடுகாணி போற ரோட்டுல கொஞ்சம் மேடு ஏறி, பின்னாடி மண்ண வெட்டி சமன் பண்ணி கட்டின பழைய வீடு, ஹால்லயும் பெட்ரூம்லயும் இந்த சுவத்துல இருந்து அந்த சுவர் வரைக்கும் மெரூன் கலர் கார்ப்பெட், ஓனர் சுல்தான் பத்தேரில இருக்கற மலையாளி, "தணுப்புக்கு நல்லதா மோளே"னு (குளிருக்கு நல்லதும்மா) சொன்னாரு, சரினு அட்வான்ஸ் குடுத்துட்டோம். ஜூன் ரெண்டாவது வாரம் மழை புடிச்சுது. மூணாவது நாள் சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்து கதவ தொறந்தா, நனைஞ்ச நாயும் மக்குன கோணிச்சாக்கும் ஒண்ணா படுத்து கிடந்த மாதிரி ஒரு வீச்சம். ஊர்ல இருந்து வந்த அம்மா வாசப்படிலயே நின்னுட்டு "ஏண்டி, இதுக்கு முன்ன இங்க ஆடு கட்டியிருந்தாங்களா"ன்னாங்க.

அப்புறம் எல்லாரும் பண்றதத்தான் நாங்களும் பண்ணோம். ரூம் ஸ்ப்ரே, சாம்பிராணி, வெள்ளை ஃபினாயில், ஒரு நாலஞ்சு பாச்சா உருண்டை. ரெண்டு நாள் கழிச்சு நாத்தம் அப்படியே இருக்கு, கூட மல்லிப்பூ வாசனையும் சேந்து இருக்கு, அது இன்னும் மோசம். இதுல ஒண்ணு கவனமா இருங்க, பாச்சா உருண்டைய சின்ன குழந்தை தவழற கார்ப்பெட்டுக்கு அடில போடவே போடாதீங்க, மிட்டாய்னு வாய்ல போட்டுக்கும், சில குழந்தைங்களுக்கு பிறவிலயே இருக்கற ஒரு என்சைம் குறைபாட்டால ரத்தமே உடைஞ்சு போற அளவுக்கு ஆபத்து.

கார்ப்பெட் நாறுதுனா அங்க தண்ணி இருக்கு, இத மட்டும் மண்டைல ஏத்திக்கோங்க. அழுக்கு, நாய் மூத்திரம், சிகரெட், கொட்டின பால் எல்லாம் காஞ்சு கிடக்கற வரைக்கும் பெருசா வாடை விடாது, ஈரம் பட்டாத்தான் உயிர் வருது. நாய் பூனை மூத்திரத்துல யூரிக் ஆசிட் படிகமா ஒட்டிகிட்டு வருஷக்கணக்கா இருக்கும், தண்ணில சரியா கரையாது, காத்துல ஈரம் ஏறினா மறுபடி நாற ஆரம்பிக்கும். பூசணமும் அப்படித்தான். அதனாலதான் ஏப்ரல்ல எங்களுக்கு ஒண்ணும் தெரியல. வீடு பாக்க போறப்பவே ஒரு வேலை பண்ணுங்க, வெதுவெதுப்பான தண்ணில ஒரு கர்ச்சீஃப நனைச்சு நல்லா பிழிஞ்சு ரூம் மூலைல கார்ப்பெட் மேல பத்து நிமிஷம் போட்டு வெச்சுட்டு, எடுத்து அந்த இடத்த மோந்து பாருங்க. ஓனர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.

1. எதையும் தொடறதுக்கு முன்னாடி ஃபோட்டோ

குடி வந்தாச்சு, நாறுது, இப்ப என்ன? முதல்ல கறை, கருப்பு புள்ளி, சுவர் ஓரம் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, தேதியோட இருக்கும். நான் ஃபோன்ல சொன்னப்ப "சாரமில்ல மோளே, ஜனல் தொறந்து இட்டா மதி"ன்னு (பரவால்லம்மா, ஜன்னல தொறந்து வெச்சா போதும்) முடிச்சுட்டாரு. ஃபோட்டோ போனப்புறம்தான் "ஞாயிறு வரேன்"னு பதில் வந்துச்சு.

சட்டம் ரெண்டு வரி. தமிழ்நாட்டு பக்கம் வீடுனா 2017ல போட்டு 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த வாடகை சட்டம்தான், அதுல கட்டடத்தோட பெரிய ரிப்பேர் ஓனர் பொறுப்பு (நீங்க பண்ண சேதம் தவிர), ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைனா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. பாட்டவயல் செக்போஸ்ட் தாண்டி அந்த பக்கம் வீடுனா கேரளாவோட 1965 சட்டம், கதை வேற. ரெண்டு பக்கமும் கார்ப்பெட்ட பத்தி யாரும் தனியா எழுதி வெக்கல, அதனால "கார்ப்பெட்ட எடுக்கலாமா, யார் செலவு, அட்வான்ஸ்ல புடிப்பீங்களா"ங்கறத எழுத்துல வாங்கிக்கோங்க. வாய்ஸ் மெசேஜா இருந்தாலும் அழிக்காதீங்க.

2. மூக்கால தேடறது

ராத்திரி ரூம பூட்டி வெச்சு காலைல மொத வேலையா உள்ள போங்க, காபி குடிக்கறதுக்கு முன்னாடி. முட்டி போட்டு ஒரு மூலைல இருந்து ரெண்டடிக்கு ஒரு தடவ மோந்துகிட்டே வாங்க, நாறற இடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல மூக்கு பழகிடும், வெளிய போய் நின்னுட்டு வாங்க. கேக்க காமெடியா இருக்கும், ஆனா எங்க வீட்ல மொத்தமா நாறுதுனு நினைச்சது கடைசில மூணே வட்டம்தான், பெட்ரூம் பின்சுவர் ஓரம் நீளமா ஒண்ணு, ஹால் ஜன்னலுக்கு கீழ ஒண்ணு, கட்டில் இருந்த இடத்துக்கு பக்கத்துல தட்டு அளவுக்கு ஒண்ணு.

வாடைலயே ஓரளவு ஆள கண்டுபுடிக்கலாம். மக்குன புஸ்தகம், ஈர சாக்கு மாதிரினா பூசணம். கண்ண கரிக்கற மாதிரி, பஸ் ஸ்டாண்ட் மூலை மாதிரினா மூத்திரம். புளிச்ச வாடைனா பாலோ சாப்பாடோ கொட்டி உள்ள இறங்கியிருக்கு. மூத்திரம்னு சந்தேகம் வந்தா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு யூவி டார்ச் அடிச்சு பாருங்க, ஆன்லைன்ல கிடைக்குது, காஞ்ச மூத்திரம் மங்கலான மஞ்சளா ஒளிரும். சில சோப்பு கறையும் ஒளிரும், அதனால டார்ச் காட்டின இடத்தையும் மூக்கு சொல்ற இடத்தையும் சேத்து பாத்து முடிவு பண்ணுங்க. எங்க தட்டு அளவு வட்டம் அப்படித்தான் மாட்டுச்சு, எங்களுக்கு முன்ன இருந்தவங்க நாய் வளத்தாங்கனு பக்கத்து வீட்டு அக்கா அப்புறமா சொன்னாங்க.

எலி புழுக்கை தென்பட்டா மட்டும் உடனே வாக்குவம் போடாதீங்க, பெருக்காதீங்க, தூசி பறக்கும். கையுறை போட்டு, கிருமிநாசினி தெளிச்சு நனைச்சு, பேப்பர்ல வழிச்சு எடுங்க. மழை நாள்ல இந்த பக்கம் எலிக்காய்ச்சல் சாதாரணமா வர்றது.

3. ஒரு மூலைய தூக்குங்க

மேல பாத்து ஒண்ணும் தெரியாது. கதவுக்கு பின்னாடி மாதிரி கண்ணுல படாத மூலைல கட்டிங் பிளேயரால நுனிய புடிச்சு மெதுவா ஒரு அடி தூக்குங்க. மாஸ்க், முடிஞ்சா என் 95, அவசியம் போட்டுக்கோங்க, ஆஸ்துமா இருக்கறவங்க இந்த வேலைய வேற ஆள்கிட்ட விட்டுடுங்க.

அடில சணல் பின்னலா, ஃபோம் மெத்தை மாதிரி இருக்கா, இல்ல நேரா தரைல பசை போட்டு ஒட்டியிருக்கானு பாருங்க. சணல்னா தண்ணி பட்டா தானே நாறும், சுருங்கும், பழுப்பு கறை மேல ஏறி வரும். ஃபோம் இருந்தா பஞ்சு மாதிரி எல்லாத்தையும் குடிச்சு வெச்சிருக்கும், மேல எவ்ளோ கழுவினாலும் பிரயோஜனமில்ல. எங்களது பசைல ஒட்டினது. தூக்கினப்ப டர்ர்னு சத்தம், கூடவே பிசுக்கு பிசுக்குனு பழுப்பு பசை, அது மேல மிளகு தூவின மாதிரி கருப்பு புள்ளி, ஒரு வெள்ளிப்பூச்சி ஓடுது. கைய வெச்சா தரை சில்லுனு, ஈரமா.

கம்பளியா சிந்தெடிக்கானு தெரியணும்னா ஓரத்துல ஒரே ஒரு இழைய வெட்டி, வெளிய எடுத்துட்டு போய் தீக்குச்சில காட்டுங்க. முடி கருகின வாடை வந்து சாம்பல் பொடியா நொறுங்கினா கம்பளி, உருகி மணி மாதிரி உருண்டா நைலான் இல்லனா பாலிப்ரொப்பிலீன். கம்பளிக்கு ப்ளீச்சிங் ஆகவே ஆகாது, இழையையே கரைச்சுடும்.

4. தண்ணி எங்கிருந்து வருது

இந்த இடத்துலதான் முக்காவாசி பேர் கோட்டை விடறாங்க, நாங்களும் விட்டோம். கழுவி, காய வெச்சு, சோடா போட்டு, ஒரு வாரத்துல திரும்ப அதே வாடை. வர்ற தண்ணிய நிறுத்தாம வாடைய நிறுத்த முடியாது.

தரைல இருந்து ஏறுதா காத்துல இருந்து வருதானு பாக்க ஒரு சின்ன டெஸ்ட். கார்ப்பெட் தூக்கின இடத்துல ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடிமனான பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்க. (நீலகிரில பிளாஸ்டிக்குக்கு தடை இருக்கறதால கவர் தேடறதே ஒரு வேலை, நாங்க புது மெத்தை சுத்தி வந்த உறைய வெட்டி போட்டோம்.) ஷீட்டுக்கு அடில முத்து முத்தா தண்ணி நின்னா தரை வழியா ஏறுது. ஷீட்டுக்கு மேல ஈரம்னா காத்துல இருக்கற ஈரம்தான். எங்களுக்கு பெட்ரூம் பின்சுவர் பக்கம் அடில தண்ணி, ஹால்ல மேல லேசா ஈரம். ஒரே வீட்ல ரெண்டு வியாதி.

பின்பக்கம் போய் பாத்தா விஷயம் புரிஞ்சுது. வெட்டின மண் மேடு வருஷா வருஷம் சரிஞ்சு வந்து வீட்டு தரை மட்டத்துக்கு மேல ஒரு முக்கால் அடி சுவத்தோட சாஞ்சு கிடக்கு, நடுவுல இருந்த வாய்க்கா இலை தழை, டீ செடி கவாத்து குச்சி எல்லாம் அடைச்சு மூடியே போச்சு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டின மாவட்டம் இது, பக்கத்துல இருக்கற தேவாலா பேரு மழைக்கணக்குல வராத ஜூலையே கிடையாது, அந்த தண்ணி எல்லாம் போக வழி இல்லாம சுவத்துல ஊறி உள்ள ஓதம் ஏறுது. உள்பக்கம் பெயிண்ட் பொரிஞ்சு, உப்பு பூத்து வெள்ளையா மாவு மாதிரி உதிருது, அத நாங்க ஏதோ சுண்ணாம்புனு நினைச்சு தொடச்சுகிட்டே இருந்திருக்கோம்.

ஞாயித்துக்கிழமை ஓனர் வந்தாரு, பின்னாடி கூட்டிட்டு போய் காட்டினேன், ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அடுத்த வாரம் ரெண்டு ஆள் வெச்சு மண்ண எடுத்து வாய்க்கால தோண்டி விட்டாரு, செலவு அவரோடது. நீங்க பாக்க வேண்டியது: சுவர தொட்டு நிக்கற மண், அடைச்ச வாய்க்கா, கூரைத்தண்ணி விழற இடம், பாத்ரூமுக்கு அந்தப்பக்க சுவர், ஜன்னல் கீழ்க்கட்டை சாய்வு உள்பக்கமா இருக்கானு. எங்க ஹால் வட்டத்துக்கு காரணம் கடைசியா சொன்னதுதான், ஜன்னலுக்கு மேல ஒரு தகர ஷேடு அடிச்சதும் நின்னுடுச்சு.

5. காய வெக்கறது, அதுவும் மழைக்குள்ள

ஒரு ஈரப்பத மீட்டர் வாங்குங்க, சின்னது, கடிகாரம் மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள 60 சதவீதத்துக்கு கீழ இருக்கணும்னு சொல்வாங்க, 50க்கு கீழ இன்னும் நல்லது. ஜூலைல எங்க பெட்ரூம்ல 88. நனைஞ்ச கார்ப்பெட்டுல பூசணம் வர ஒண்ணு ரெண்டு நாள் போதும், இந்த 88ல எதுவும் தானா காயாது.

ஓனர் சொன்ன ஜன்னல் வைத்தியம் பாதிதான் சரி. வெளிய பனிமூட்டம் நிக்கறப்ப ஜன்னல தொறந்தா ஈரம் உள்ள வருமே தவிர போகாது. மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் மேகம் விலகும் பாருங்க, அப்ப எதிரெதிர் ஜன்னல தொறந்து ஃபேன ஒரு ஜன்னல பாத்து வெளிய தள்ற மாதிரி வெச்சு ஓட்டுங்க. மத்த நேரம் ரூம் ஹீட்டர் போடறதுனா ஒரு ஜன்னல விரல் அளவு தொறந்து வெச்சு போடுங்க, ஈரக்காத்து வெளிய போக வழி வேணும். காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற டீஹியூமிடிஃபையர் மிஷின் இருந்தா ராஜா, ஆனா விலை கையக் கடிக்கும், அதோட மழைல மரம் விழுந்து கரண்ட் போற ஊர்ல அத நம்பி உக்கார முடியாது. ஈரம் உறிஞ்சற கால்சியம் குளோரைடு டப்பா கடைல கிடைக்குது, பீரோவுக்கும் மூலைக்கும் போதும், முழு ரூமுக்கு பத்தாது. அதுல சேர்ற தண்ணி தோல் சாமான் மேல பட்டா பாழ், குழந்தைங்களுக்கு எட்டாம வைங்க.

பக்கத்து வீட்டு அக்கா டான்டீல (அரசு தேயிலைத் தோட்டம்) கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவங்க, லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்தப்ப அடுப்புக்கு மேல பரண் கட்டி சாக்கையும் கம்பளியையும் போட்டு காய வெப்போம்னாங்க. சின்ன விரிப்புக்கு அருமையான யோசனை. ஆனா இத கேட்டுட்டு யாரும் ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சு கதவ சாத்திடாதீங்க, கரிப்புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூங்கினவங்க எந்திரிக்க மாட்டாங்க.

6. இப்பதான் சுத்தம்

ஈரம் நின்னு, ரெண்டு மூணு நாள் நல்லா காஞ்சப்புறம் ஆரம்பிங்க. முதல்ல வாக்குவம், அவசரப்படாம, நீளவாக்குல ஒரு தடவ குறுக்குவாக்குல ஒரு தடவ. பழைய கார்ப்பெட்டுல வர்ற மண்ண பாத்தா மயக்கம் வரும், எங்களுக்கு ரெண்டு ரூமுக்கு நாலு தடவ பை நிரம்பிச்சு.

பொதுவான வாடைக்கு சமையல் சோடா, பத்துக்கு பத்து ரூமுக்கு அரை கிலோ, சல்லடைல சலிச்சு தூவி, பிரஷ்ஷால லேசா தேச்சு விட்டு ராத்திரி முழுக்க விட்டு காலைல உறிஞ்சுங்க. கார்ப்பெட் காஞ்சிருக்கணும், இல்லனா பசை மாதிரி ஒட்டி இன்னொரு தலைவலி. பொடி வாக்குவம் ஃபில்டர அடைக்கும், முடிச்சதும் தட்டி சுத்தம் பண்ணிடுங்க.

பழைய மூத்திர நெடிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, கண்ணுல படாத இடத்துல சாயம் போகுதானு முதல்ல டெஸ்ட் பண்ணிட்டு, தெளிச்சு, பழைய துண்டால அழுத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. சோடாவையும் வினிகரையும் ஒண்ணா கொட்டி நுரை வர்றத வீடியோல காட்டுவாங்க, பாக்க நல்லாருக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுகிட்டு மிச்சம் உப்புத்தண்ணி மாதிரிதான் ஆகும். தனித்தனியா போடுங்க.

யூரிக் ஆசிட்ட உடைக்கறதுக்கு நாய் பூனை சாமான் விக்கற கடைல கிடைக்கற என்சைம் கிளீனர்தான் சரி. நிறைய பேர் மேல ரெண்டு ஸ்ப்ரே அடிச்சுட்டு "வேலைக்கு ஆகல"ன்றாங்க. மூத்திரம் எவ்ளோ ஆழம் போச்சோ அவ்ளோ ஆழம் மருந்தும் போகணும், வட்டத்த விட கொஞ்சம் பெருசா ஊத்தி, ஷீட் போட்டு மூடி 12 மணி நேரத்துல இருந்து ஒரு நாள் வரைக்கும் ஈரமா வெச்சு, அப்புறம் ஒத்தி எடுத்து காய விடணும். முன்னாடியே ஃபினாயில், டெட்டால் ஊத்தியிருந்தா வெறும் தண்ணில நல்லா ஒத்தி எடுத்துட்டு போடுங்க, இல்லனா என்சைம் செத்துடும். எங்க வட்டத்துக்கு ரெண்டு ரவுண்டு ஆச்சு, அதுக்கப்புறம் அந்த இடத்துல வாடை வரல.

ப்ளீச்சிங் பத்தி ஒரு தடவ சொல்றேன், நல்லா கேட்டுக்கோங்க. மூத்திரம் இருக்கற இடத்துலயோ, வினிகரோடயோ, பாத்ரூம் கழுவற ஆசிட்டோடயோ ப்ளீச்சிங் சேரக் கூடாது, விஷ வாயு கிளம்பும், அதுவும் ஜன்னல் சாத்தின ரூம்ல.

தண்ணி ஊத்தி ஷாம்பூ வாஷ் பண்றத பத்தி நிறைய கேப்பீங்க. கூடலூர்ல கார்ப்பெட் கழுவற கடைனு தேடாதீங்க, காருக்குள்ள சீட் கழுவறவங்ககிட்ட தண்ணி அடிச்சு திருப்பி உறிஞ்சற மிஷின் இருக்கும், அவங்கள வீட்டுக்கு கூப்பிடுங்க. ஆனா ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும்தான், ஒரே நாள்ல காயற வெயில் இருந்தா மட்டும். மழைல கழுவினா காசு குடுத்து பூசணம் வாங்கற கதைதான். மூத்திர கறைக்கு ஆவி மிஷின் வேண்டாம், சூட்டுல கறை நிலைச்சுடும்.

7. எப்ப கைய விடணும்

அடில ஃபோம் ஊறிப்போயிருந்தா, பூசணம் பத்து சதுர அடிக்கு மேல பரவியிருந்தா, பின்னல் தொட்டா நொறுங்கினா, வீட்ல யாருக்காவது இருமலும் மூச்சிறைப்பும் கார்ப்பெட் ரூம்ல மட்டும் வந்தா, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. ஓனர்கிட்ட எழுத்துல ஓகே வாங்கி எடுத்துடுங்க. எங்க பெட்ரூம் கார்ப்பெட் அப்படித்தான் போச்சு.

கத்தியால ரெண்டடி அகல பட்டையா வெட்டி, சுருட்டி, கயிறு கட்டி ஒவ்வொண்ணா வெளிய கொண்டு போங்க, முழுசா இழுத்தா தூசி மொத்தமும் மூஞ்சில. எரிக்காதீங்க, சிந்தெடிக் புகை. பின்னாடி காட்டு ஓரம் வீசிடவும் கூடாது, இங்க யானை வர்ற வழி எதுனு யாருக்கும் சொல்லத் தேவையில்ல. குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட முன்கூட்டியே பேசி குடுத்தோம். தரைல ஒட்டின பசைய அகலமான பட்டிக்கரண்டியால சுரண்டணும், ரெண்டு நாள் வேலை, முதுகு போச்சு.

சுரண்டினப்புறம் அடில என்ன இருந்துச்சு தெரியுமா, நல்ல சிவப்பு காவி தரை, ஓரத்துல கருப்பு பார்டர் போட்டு, ஒரு விரிசல் கிடையாது. சோப்புத்தண்ணில கழுவி, மிச்ச வாடைக்கு என்சைம் ஒரு தடவ ஊத்தி, மூணு நாள் ஃபேன் போட்டதும் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. அக்டோபர்ல ஓனர் வாடகை வாங்க வந்தாரு, ரூம் வாசல்லயே செருப்ப கழட்டிட்டு உள்ள வந்து குனிஞ்சு தடவி பாத்துட்டு, "இது எண்ட அச்சன் இட்ட தரையா"ன்னாரு, அவங்க அப்பா போட்ட தரையாம். அட்வான்ஸ்ல புடிக்கறத பத்தி அதுக்கப்புறம் பேச்சே வரல.

ஹால் கார்ப்பெட் இன்னும் இருக்கு. ஜன்னல் ஓரம் மட்டும் ரெண்டு அடி வெட்டி எடுத்துட்டு அங்க கயித்துப் பாய் போட்டிருக்கோம், அதுலயும் பூசணம் வரும், ஆனா தூக்கி வெளிய காய போட்டுடலாம். மூலைல ஒரு கால்சியம் குளோரைடு டப்பா, தண்ணி ரொம்பினா கொட்டிட்டு மாத்தறேன், இந்த ஜூன்ல இதுவரைக்கும் ரெண்டு ஆச்சு. மீட்டர் இன்னைக்கு காலைல 71.